உங்கள் கணினிக்கு எந்த டெஸ்க்டாப்? லினக்ஸுக்கும் பிஎஸ்டிக்குமான தேர்வு முறை

லினக்ஸோ, அதைப் போன்ற இன்னொரு கட்டற்ற இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டியோ போடுவது என்று முடிவாகிவிட்டால், அடுத்து வரும் கேள்வி எந்த டெஸ்க்டாப் என்பதுதான். பெரும்பாலானோர் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். அது தவறான தொடக்கம். நிறம், ஐகான், பேனல் இருக்கும் இடம் எல்லாம் ஒரு மணி நேரத்தில் மாற்றக்கூடியவை. இரண்டு திரைகளுக்குத் தனித்தனி அளவு தருவது, லேப்டாப்பை மூடித் திறந்ததும் திரை சரியாக விழிப்பது, தமிழ்த் தட்டச்சு எல்லா நிரல்களிலும் ஓடுவது, வீடியோ அழைப்பில் திரையைப் பகிர்வது ஆகியவை அப்படியல்ல. ஒரு டெஸ்க்டாப் இவற்றைச் செய்யவில்லை என்றால், நீங்கள் எவ்வளவு முயன்றாலும் செய்ய வைப்பது கடினம். ஆகவே தேர்வை அங்கிருந்து தொடங்குங்கள்.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடலாம். டெஸ்க்டாப் என்பது வின்டோக்களை அடுக்கி நகர்த்தும் வின்டோ மேனேஜர், பேனல், செட்டிங்ஸ், ஃபைல் மேனேஜர், நோட்டிஃபிகேஷன், திரைப்பூட்டு ஆகியவற்றின் தொகுப்பு, அவ்வளவே. ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆபிஸ், ஜிம்ப், விஎல்சி எல்லாம் எந்த டெஸ்க்டாப்பிலும் ஓடும். கேடிஈ, க்னோம், எக்ஸ்எஃப்சிஇ ஆகியவை டெஸ்க்டாப்புகளின் பெயர்கள். கேடிஈக்காக எழுதிய நிரல் க்னோமில் ஓடும். க்னோமுக்காக எழுதியது எக்ஸ்எஃப்சிஇ-யில் ஓடும். கூடுதலாகச் சில நூறு எம்பி லைப்ரரிகள் வந்து சேரும், தோற்றம் கொஞ்சம் ஒட்டாமல் இருக்கும். வேறு இழப்பில்லை.

கணினியை அளந்து பாருங்கள்

ரேம் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள், ஆனால் அதற்கு அவ்வளவு எடை கொடுக்க வேண்டியதில்லை. லாகின் செய்து சும்மா விட்ட நிலையில் எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்கியூட்டி போன்றவை ஏறத்தாழ 500 முதல் 800 எம்பி எடுக்கும். க்னோமும், கேடிஈயின் டெஸ்க்டாப்பான பிளாஸ்மாவும் 1 முதல் 1.5 ஜிபி வரை போகும். எந்த விநியோகம் (உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் தொகுப்பு), பின்னணியில் எத்தனை சேவைகள் என்பதைப் பொறுத்து இது ஏறி இறங்கும். வித்தியாசம் ஒரு ஜிபிக்குள்தான். பத்து டேப் திறந்த பிரவுசர் அதைவிட அதிகம் எடுத்துக்கொள்ளும். 8 ஜிபியோ அதற்கு மேலோ இருந்தால் ரேமை மறந்துவிட்டு மற்ற காரணங்களைப் பாருங்கள். 4 ஜிபி என்றால் இலகுவானதை எடுப்பது பொருளுள்ளது. 2 ஜிபி என்றால் எந்த டெஸ்க்டாப் போட்டாலும் இன்றைய இணையதளங்கள் திணறும். தவறு டெஸ்க்டாப்பில் இல்லை.

நீங்களே அளந்து பார்க்கும்போது ஒரு பிழை நேரும். லாகின் செய்து இரண்டு நிமிடம் பொறுத்து, டெர்மினலில் 'ஃப்ரீ' கட்டளையை ஓட்டுங்கள். அதில் 'ஃப்ரீ' என்ற நெடுவரிசையைப் பார்க்கக் கூடாது, கடைசியில் உள்ள 'அவெய்லபிள்' என்பதைத்தான் பார்க்க வேண்டும். லினக்ஸ் சும்மா கிடக்கும் ரேமை வட்டுக் கோப்புகளின் தற்காலிகச் சேமிப்பாகப் பயன்படுத்திக்கொள்ளும். நிரல் கேட்டதும் விட்டுக்கொடுக்கும். இதை அறியாதவர்கள் 'ரேம் முழுக்க நிரம்பிவிட்டது' என்று டெஸ்க்டாப்பைப் பழிப்பார்கள். 4 ஜிபி கணினியில் சுழலும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவதும், ரேமிலேயே சுருக்கி வைக்கும் இசட்ரேம் ஸ்வாப்பை இயக்குவதும், டெஸ்க்டாப் மாற்றுவதைவிட அதிக வேகம் தரும்.

கிராஃபிக்ஸ் அதைவிட முக்கியம். க்னோம், பிளாஸ்மா, சின்னமன் மூன்றும் ஒவ்வொரு சட்டகத்தையும் கிராஃபிக்ஸ் சிப் மூலமாகவே வரைகின்றன. டிரைவர் சரியாக அமையாவிட்டால் அந்த வேலை முழுவதும் சிபியு தலையில் விழும். சுட்டி நகர்வதே இழுவையாக இருக்கும். க்னோமில் செட்டிங்ஸின் 'அபவுட்' பக்கத்திலும், பிளாஸ்மாவில் 'அபவுட் திஸ் சிஸ்டம்' பக்கத்திலும் கிராஃபிக்ஸ் என்ற வரியைப் பாருங்கள். இன்டெல், ஏஎம்டி, என்விடியா என்று சிப்பின் பெயர் இருந்தால் நல்லது. 'எல்எல்விஎம்பைப்' என்று இருந்தால் மென்பொருளே படம் வரைகிறது என்று அர்த்தம். விர்ச்சுவல் மெஷினில் பெரும்பாலும் இதுதான் நடக்கும். அங்கே 3டி முடுக்கத்தை இயக்குங்கள், அல்லது எக்ஸ்எஃப்சிஇ போட்டு அதன் 'வின்டோ மேனேஜர் ட்வீக்ஸ்' பகுதியில் நிழல், ஒளிபுகுதல் போன்றவற்றை வரையும் கம்போசிட்டரை அணைத்துவிடுங்கள். விர்ச்சுவல் மெஷினில் க்னோமை ஓட்டிப் பார்த்து 'க்னோம் மெதுவானது' என்று முடிவுகட்டுவது நியாயமில்லை.

திரை: ஒரு சின்னக் கணக்கு

ஒவ்வொரு திரைக்கும் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்று கணக்கிடுங்கள். அகலத்தின் வர்க்கமும் உயரத்தின் வர்க்கமும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, திரையின் மூலைவிட்ட அங்குலத்தால் வகுக்க வேண்டும். 1920க்கு 1080 திரையின் மூலைவிட்டம் சுமார் 2203 பிக்சல். அது 24 அங்குல மானிட்டர் என்றால் 92. 14 அங்குல லேப்டாப் என்றால் 157. 27 அங்குல 4கே மானிட்டர் என்றால் 163.

எழுத்து 100 சதவீத அளவில் வசதியாகத் தெரிய எடுத்துக்கொள்ளும் அடிப்படை எண் 96. 92 உள்ள மானிட்டரை அப்படியே விடலாம். 157 உள்ள லேப்டாப்புக்கு 125 அல்லது 150 சதவீதம் தேவைப்படும். இரண்டையும் ஒரே நேரத்தில் இணைத்து வேலை செய்பவர் என்றால் ஒன்றுக்கு 150, இன்னொன்றுக்கு 100 வேண்டும். இந்த ஒரு தேவையே பாதித் தேர்வை முடித்துவிடும்: வேலண்டில் ஓடும் பிளாஸ்மா அல்லது க்னோம். வேலண்டும் எக்ஸ் 11உம் நிரல்கள் திரையில் படம் காட்டப் பயன்படுத்தும் இரண்டு முறைகள். பழைய எக்ஸ் 11 முறையில் எல்லாத் திரைகளுக்கும் ஒரே அளவுதான் இயல்பாக வரும். தனித்தனி அளவு வேண்டுமென்றால் சுற்றுவழிகள்தாம்.

ஒரே திரை, நடுத்தர அடர்த்தி என்றால் இவ்வளவு யோசிக்க வேண்டாம். எக்ஸ்எஃப்சிஇ-யின் 'அப்பியரன்ஸ்' பகுதியில் எழுத்துரு டிபிஐ எண்ணை 96லிருந்து 120க்கு ஏற்றினால் எழுத்துகள் பெரிதாகும். ஐகான்களும் பேனலும் தாமாகப் பெரிதாகாது. பேனல் உயரத்தைக் கையால் மாற்றிக்கொள்ள வேண்டும்.

வேலண்டும் எக்ஸ் 11உம்

எக்ஸ் 11 நெறிமுறை 1987இல் வந்தது. வேலண்ட் 2008இல் தொடங்கியது. இன்று நிலைமை தெளிவாகவே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. 2024 பிப்ரவரியில் வந்த பிளாஸ்மா 6 வேலண்டையே இயல்பாகத் திறக்கிறது. 2025 செப்டம்பரில் வந்த க்னோம் 49 எக்ஸ் 11 அமர்வை இயல்பு நிலையில் அணைத்துவிட்டது. எக்ஸ்எஃப்சிஇ 4.20, சின்னமன் இரண்டிலும் வேலண்ட் இன்னும் சோதனை நிலையில்தான். அன்றாட வேலைக்கு அவற்றில் எக்ஸ் 11 எடுங்கள்.

எக்ஸ் 11இல் ஒரு நிரல் மற்ற நிரல்களில் நீங்கள் தட்டுவதைப் படிக்க முடியும், திரையையும் படமெடுக்க முடியும். வேலண்ட் இதைத் தடுக்கிறது. அந்தத் தடுப்பே சிலருக்குத் தொல்லையாகும்: விசையழுத்தத்தைத் தானாக அனுப்பும் கருவிகள், வின்டோக்களை நகர்த்தும் ஸ்கிரிப்டுகள், பழைய ரிமோட் நிரல்கள் வேலண்டில் ஓடாமல் போகலாம். திரைப் பகிர்வு, ஒலியையும் படத்தையும் கடத்தும் பைப்வயர் சேவை வழியாகவும், நிரலுக்கு அனுமதி கேட்டுத் தரும் அந்தந்த டெஸ்க்டாப்புக்கான 'போர்ட்டல்' பேக்கேஜ் வழியாகவும் நடக்கும். பகிரும்போது கறுப்புத் திரை மட்டும் தெரிந்தால், பத்தில் எட்டு முறை அந்தப் போர்ட்டல் பேக்கேஜ் இல்லை, அல்லது வேறு டெஸ்க்டாப்புக்கானது இருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

என்விடியா கார்டு வைத்திருப்பவர்கள் டிரைவர் எண்ணைப் பாருங்கள். 2024இல் வந்த 555 தொடரில் படம் வரைந்து முடிந்ததைத் தெளிவாகத் தெரிவிக்கும் 'எக்ஸ்ப்ளிசிட் சிங்க்' ஆதரவு சேர்ந்த பிறகு வேலண்டில் படம் மினுக்கும் தொல்லை பெரிதும் குறைந்தது. 470, 390, 340 போன்ற பழைய தொடர்களோடு நின்றுவிட்ட கார்டு என்றால் வேலண்டோடு மல்லுக்கட்ட வேண்டாம். எக்ஸ் 11இல் எக்ஸ்எஃப்சிஇ, மாட்டே, சின்னமன் மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி ஒவ்வொன்றாக

கேடிஈ பிளாஸ்மா. கேடிஈ 1996இல் தொடங்கியது. மாற்ற முடியாத இடமே அதில் இல்லை என்று சொல்லலாம். பல திரை, 125 சதவீதம் போன்ற பின்ன அளவு, திரையின் மாறும் புதுப்பிப்பு வீதம், ஒளி-இருள் வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் எச்டிஆர் என வன்பொருள் சார்ந்த வசதிகளில் இன்று முன்னணியில் நிற்பது இதுதான். விண்டோஸிலிருந்து வருபவருக்குக் கை உடனே பழகும். கவனிக்க வேண்டியது ஒன்று: 'குளோபல் தீம்' என்று இறக்குவது வெறும் படங்களின் தொகுப்பல்ல, அதற்குள் நிரலும் ஓடலாம். 2024 மார்ச்சில் அப்படி ஒரு தீம் ஒரு பயனரின் கோப்புகளையே அழித்துவிட்டது. அதன் பிறகு கேடிஈ திட்டமே எச்சரிக்கை விடுத்தது. நிறத் திட்டம், ஐகான், வால்பேப்பர் மட்டும் இறக்குங்கள். அதுவே போதும்.

க்னோம். 1997இல், கேடிஈ சார்ந்திருந்த க்யூட்டி லைப்ரரியின் உரிமம் அன்று கட்டற்றதாக இல்லாததால் தொடங்கப்பட்டது. 2011இல் வந்த மூன்றாம் பதிப்பு முதல் தனக்கென்று ஒரு வேலைமுறை வைத்திருக்கிறது: விண்டோஸ் விசையை அழுத்து, பெயரைத் தட்டு, திற, வின்டோக்களைச் சிறிதாக்கி வைக்காமல் தனித்தனி பணியிடங்களில் பரப்பு. விசைப்பலகையிலும் டச்பேடிலும் வாழ்பவர்களுக்கு இது அருமையாகப் பொருந்தும். டாஸ்க்பார் இல்லாமல் வேலை ஓடாதவர்களுக்குப் பொருந்தாது.

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். க்னோமின் முறை பிடிக்காமல் ஆறேழு எக்ஸ்டென்ஷன் போட்டு அதை வேறொன்றாக மாற்றப் பார்ப்பார்கள். எக்ஸ்டென்ஷன்கள் க்னோம் ஷெல்லின் உள்ளே நேரடியாகப் புகுந்து ஓடுபவை. ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு வரும்போது அவை உடையக்கூடும். 2023 செப்டம்பரில் வந்த க்னோம் 45இல் நிரல் அமைப்பு மாறியதால் அதற்கு முன்பு எழுதிய எல்லா எக்ஸ்டென்ஷன்களும் திருத்தி எழுதப்பட வேண்டியிருந்தது. ஒன்றிரண்டு வைத்துக்கொள்வதில் தவறில்லை; ட்ரே ஐகான்களைக் காட்டும் 'ஆப்இண்டிகேட்டர்' பலருக்கும் தேவைதான். மூன்றுக்கு மேல் தேவைப்பட்டால் உங்களுக்கு வேண்டியது க்னோம் அல்ல.

சின்னமன். லினக்ஸ் மின்ட் குழு உருவாக்கியது. கீழே பேனல், இடது மூலையில் மெனு, எல்லாம் எதிர்பார்த்த இடத்தில் இருக்கும். புதிதாக வருபவருக்கு, அதிலும் நீங்களே அருகில் இல்லாமல் அடுத்தவருக்கு அமைத்துக் கொடுக்கும்போது, முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான்.

எக்ஸ்எஃப்சிஇ. 1996இலிருந்து இருக்கிறது, மெதுவாகவே மாறுகிறது. இதைக் குறையாகச் சொல்வார்கள். பத்து ஆண்டுகளாக ஒரே மாதிரி வேலை செய்யும் டெஸ்க்டாப் வேண்டும் என்பவருக்கு அதுவே பெரிய நிறை. எக்ஸ்ஆர்டிபி என்ற ரிமோட் நிரல் வழியாகத் தொலைவிலிருந்து சர்வரில் நுழைபவர்களுக்கும் மிகக் குறைந்த தொல்லை தருவது இது.

மாட்டே, க்னோம் 2இலிருந்து 2011இல் கிளைத்தது. ஓர்கா திரைவாசிப்பானோடு நன்றாக இயைவதால், பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் க்னோமையும் இதையும் முதலில் சோதிக்க வேண்டும். எல்எக்ஸ்கியூட்டி மிகப் பழைய கணினிகளுக்கு.

ஸ்வே, ஐ3, ஓபன்பாக்ஸ் ஆகியவை டெஸ்க்டாப் அல்ல, வின்டோ மேனேஜர்கள். பேனல், நோட்டிஃபிகேஷன், நெட்வொர்க் ஆப்லெட், திரைப்பூட்டு, மின்சேமிப்பு எல்லாவற்றையும் நீங்களே பொறுக்கிச் சேர்க்க வேண்டும். பலரும் மறப்பது நிர்வாக அனுமதி கேட்கும் பால்கிட் ஏஜென்ட். அது ஓடாவிட்டால் யுஎஸ்பி வட்டைத் திறக்கும்போதோ பேக்கேஜ் நிறுவும்போதோ கடவுச்சொல் கேட்கும் பெட்டியே வராது. 'அனுமதி இல்லை' என்று மட்டும் நின்றுவிடும்.

நிறுவும் முன் ஓட்டிப் பாருங்கள்

ஒரே அடித்தளத்தில் வெவ்வேறு டெஸ்க்டாப்புகளை ஒப்பிட்டால்தான் ஒப்பீடு நியாயமானது. டெபியனின் லைவ் இமேஜ்கள் (நிறுவாமல் யுஎஸ்பியிலிருந்தே ஓடுபவை) க்னோம், கேடிஈ, எக்ஸ்எஃப்சிஇ, சின்னமன், மாட்டே, எல்எக்ஸ்கியூட்டி என்று தனித்தனியாகக் கிடைக்கின்றன. 32 ஜிபி யுஎஸ்பி ஒன்றில் வென்டாய் என்ற கருவியைப் போட்டு, இரண்டு மூன்று ஐஎஸ்ஓ கோப்புகளை அப்படியே நகலெடுத்து வையுங்கள். கணினி எழும்போது எது வேண்டும் என்று பட்டியல் கேட்கும். யுஎஸ்பியிலிருந்து ஓடுவதால் நிரல்கள் மெதுவாகத்தான் திறக்கும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். என்விடியா கார்டு என்றால் லைவில் பொதுவாக என்விடியாவின் சொந்த டிரைவருக்குப் பதில் கட்டற்ற நூவோ டிரைவர்தான் இருக்கும், ஆகவே கிராஃபிக்ஸ் வேகத்தையும் அங்கே எடைபோட முடியாது.

ஒவ்வொன்றிலும் இதே வரிசையில் சோதியுங்கள். வெளித் திரையைச் செருகி அளவை மாற்றுங்கள். கழற்றுங்கள், மீண்டும் செருகுங்கள். வின்டோக்கள் எங்கே போகின்றன என்று பாருங்கள். லேப்டாப் மூடியை மூடி ஒரு நிமிடம் கழித்துத் திறங்கள். ஒருமுறை விழித்தால் போதாது, ஐந்து முறை செய்யுங்கள். வெளித் திரை செருகியபடி இரண்டு முறை. பிரவுசரில் ஒரு வீடியோ அழைப்பைத் திறந்து திரையைப் பகிருங்கள். புளூடூத் ஹெட்போனை இணைத்து மைக் வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிரின்டர் இருந்தால் ஒரு தாள்.

தமிழ் உள்ளீட்டைத் தனியாகச் சோதிக்க வேண்டும். தமிழ்99 விசைப்பலகைக்கு எக்ஸ்கேபி என்ற அடிப்படை விசைப்பலகை முறையில் தளவமைப்பும் உண்டு, எம்17என் என்ற உள்ளீட்டுத் தொகுப்பு வழியாகவும் உண்டு; ஒலிபெயர்ப்பு முறையில் தட்டுபவர்களுக்கு எம்17என் வேண்டும். இவற்றை இயக்க ஐபஸ், எஃப்சிஐடிஎக்ஸ் போன்ற உள்ளீட்டு நிரல் ஒன்று வேண்டும். க்னோமில் ஐபஸ் உள்ளேயே இருக்கிறது. செட்டிங்ஸின் விசைப்பலகைப் பகுதியில் சேர்த்தால் போதும். பிளாஸ்மாவின் வேலண்ட் அமர்வில் எஃப்சிஐடிஎக்ஸ் 5 நிறுவி, சிஸ்டம் செட்டிங்ஸில் 'விர்ச்சுவல் கீபோர்ட்' பக்கத்தில் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தப் பக்கத்தின் பெயரைப் பார்த்துத் தொடுதிரைக்கானது என்று தாண்டிவிடுகிறார்கள். பிறகு தமிழ் வரவில்லை என்று மணிக்கணக்கில் தேடுகிறார்கள். பிரவுசர், லிப்ரே ஆபிஸ், டெர்மினல் மூன்றிலும் 'கொ', 'ஸ்ரீ', 'க்ஷ' தட்டிப் பாருங்கள். பிறகு பேக்ஸ்பேஸால் அழித்தும் பாருங்கள்.

நிறுவிய பிறகும் முதல் ஒரு மணி நேரத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். பிளாஸ்மாவின் கோப்புத் தேடலான பலூவும் க்னோமின் கோப்புத் தேடலும் ஹோம் ஃபோல்டர் முழுவதையும் முதலில் அட்டவணைப்படுத்தும். அதுவரை விசிறி சுழலும், வட்டு உழைக்கும்.

இருப்பதோடு இன்னொன்றைச் சேர்க்கும்போது

ஏற்கெனவே ஒன்று இருக்க, இன்னொன்றைச் சேர்ப்பதில் தவறில்லை. டெபியன், உபுண்டு வகைகளில் 'டாஸ்க்செல்' கருவி மூலம் டிக் செய்து நிறுவலாம். லாகின் திரையைக் காட்டும் லாகின் மேனேஜர் எது என்று இடையில் கேட்கும்; ஏற்கெனவே வேலை செய்வதையே வைத்துக்கொள்ளுங்கள். ஜிடிஎம், எஸ்டிடிஎம், லைட்டிடிஎம் ஆகிய லாகின் மேனேஜர்களில் எதிலிருந்தும் எந்த டெஸ்க்டாப்பையும் திறக்கலாம். ஜிடிஎம்மில் பயனர் பெயரைச் சொடுக்கி, கடவுச்சொல் கேட்கும்போது வலது கீழ் மூலையில் பற்சக்கரம் தெரியும். அமர்வை அங்கே மாற்ற வேண்டும். பெயரைச் சொடுக்கும் முன்பு அது தெரியாது.

புதிய டெஸ்க்டாப்புக்குக் கட்டாயம் புதிய பயனர் கணக்கு ஒன்றை உருவாக்குங்கள். இரண்டு டெஸ்க்டாப்புகள் ஒரே ஹோம் ஃபோல்டரைப் பங்கிட்டால் ஒன்றின் அமைப்பை மற்றது மாற்றிவிடும். க்னோம் நிரல்கள் பயன்படுத்தும் லைப்ரரி ஜிடிகே. பிளாஸ்மா, அந்த ஜிடிகே நிரல்களின் தோற்றமும் ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக அவற்றின் அமைப்புக் கோப்புகளில் எழுதும்; பிறகு க்னோமுக்குத் திரும்பினால் பொத்தானும் எழுத்துருவும் மாறிக் கிடக்கும். ஃபோல்டரைச் சொடுக்கினால் வேறு ஃபைல் மேனேஜர் திறக்கும். பலரையும் பதறவைப்பது இன்னொன்று: குரோமியம் வகை பிரவுசர்கள் கடவுச்சொற்களைப் பூட்டும் சாவியை க்னோமில் கீரிங் என்ற பெட்டகத்திலும், பிளாஸ்மாவில் கேவாலட் என்ற பெட்டகத்திலும் வைக்கின்றன. டெஸ்க்டாப் மாறியதும் சாவி கிடைக்காமல் எல்லாத் தளங்களிலிருந்தும் வெளியேறியிருப்பீர்கள், சேமித்த கடவுச்சொற்களும் தெரியாது. பெரும்பாலும் அவை அழிந்துபோகவில்லை. பழைய டெஸ்க்டாப்பில் திறந்து ஏற்றுமதி செய்துகொள்ளலாம்.

நீக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். பேனலும் மெனுவும் இரட்டையாக இருக்கிறதே என்று ஒரு சிறிய க்னோம் நிரலை நீக்கினால், அதோடு சேர்த்து 'க்னோம்' என்ற மெட்டாபேக்கேஜும் (மற்ற பேக்கேஜ்களை மொத்தமாக இழுத்து வரும் வெற்றுப் பேக்கேஜ்) போகலாம். மெட்டாபேக்கேஜ் போனதும் மற்றவை எல்லாம் 'யாருக்கும் தேவையில்லாதவை' என்ற கணக்கில் வந்துவிடும். அடுத்து, தேவையற்றதை நீக்கும் 'ஆட்டோரிமூவ்' கட்டளையை ஓட்டினால் டெஸ்க்டாப்பே காணாமல் போகும். அது காட்டும் பட்டியலை முழுவதும் படிக்காமல் 'ஒய்' அழுத்தாதீர்கள். ஏற்கெனவே அழுத்திவிட்டால், பேக்கேஜ் மேலாளரான ஏபிடியின் வரலாற்றுப் பதிவுக் கோப்பில் எந்த நாளில் எது நீங்கியது என்ற முழுப் பட்டியல் இருக்கும். அதைப் பார்த்து மீட்டுவிடலாம்.

லாகின் செய்ததும் கறுப்புத் திரையோ காணாமல் போன பேனலோ வந்தால் கணினியை மறுபடி நிறுவ வேண்டியதில்லை. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி எழுத்துத் திரைக்குப் போய் உள்நுழையுங்கள். ஹோமில் புள்ளியோடு தொடங்கும் 'கான்ஃபிக்' என்ற மறைவான ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டு மீண்டும் லாகின் செய்யுங்கள். சரியாக வந்தால் கோளாறு உங்கள் அமைப்புக் கோப்பில்தான். பழைய ஃபோல்டரிலிருந்து தேவையானதை மட்டும் ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்து வையுங்கள். அப்போதும் கறுப்புத் திரை என்றால் டிரைவரைப் பாருங்கள்.

பிஎஸ்டியில்

ஃப்ரீபிஎஸ்டியில் பிளாஸ்மா, எக்ஸ்எஃப்சிஇ, மாட்டே மூன்றும் நன்றாக ஓடுகின்றன. க்னோம் நாளுக்கு நாள் லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியைச் சார்ந்து நகர்வதால் அங்கே பின்தங்கியே இருக்கும். டெஸ்க்டாப் பேக்கேஜை மட்டும் நிறுவினால் திரை எழாது. கிராஃபிக்ஸ் டிரைவர்கள் அடங்கிய டிஆர்எம்-கேமாட் பேக்கேஜைப் போட்டு, உங்கள் சிப்புக்கான மாட்யூலைத் (கெர்னலோடு சேரும் டிரைவர்) தொடக்கத்திலேயே ஏற்றும்படி ஆர்சி.கான்ஃப் கோப்பில் எழுத வேண்டும். அதே கோப்பில் நிரல்கள் தங்களுக்குள் செய்தி பரிமாற உதவும் டிபஸ்ஸையும் லாகின் மேனேஜரையும் இயக்க வேண்டும். பயனரை 'வீடியோ' குழுவில் சேர்க்க வேண்டும்; இதை மறந்தால் டெஸ்க்டாப் எழும், ஆனால் முடுக்கம் இருக்காது, மேலே சொன்ன எல்எல்விஎம்பைப் பெயர்தான் தெரியும். கெர்னலைப் புதுப்பித்த பிறகு திரை எழவில்லை என்றால், அந்த மாட்யூல் பழைய கெர்னலுக்குக் கட்டப்பட்டதா என்பதை முதலில் சரிபாருங்கள்.

ஓபன்பிஎஸ்டியில் எஃப்விடபிள்யூஎம், சிடபிள்யூஎம் என்ற இரண்டு வின்டோ மேனேஜர்களும் அடிப்படை அமைப்போடு வருகின்றன. எக்ஸ்எஃப்சிஇ வேண்டுமென்றால் பேக்கேஜாகச் சேர்க்கலாம். பிரவுசர் அடிக்கடி தானாக மூடிக்கொண்டால் டெஸ்க்டாப்பை மாற்றாதீர்கள். பயனரை 'ஸ்டாஃப்' லாகின் வகுப்புக்கு மாற்றி, அதற்கான நினைவக வரம்பை உயர்த்துங்கள், பிறகு வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள்.